பின்வாங்கத் தெரிந்த ஊமைத்துரை

பிள்ளைகளே, கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று. இரண்டையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சாமி முன்னால் போட்டு, ஒரு சின்னக் குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். கல்யாணம் பேசலாமா, கிணறு வெட்டலாமா, வெளியூர் போகலாமா என்று பெரியவர்களுக்கு மனம் குழம்பும்போது இப்படிச் செய்வது நம் பக்கத்து வழக்கம்.

சீனர்களிடமும் இதைப் போல ஒரு வழக்கம் உண்டு, தெரியுமா? அவர்கள் கோயிலில் ஒரு மூங்கில் குழல் இருக்கும். அதற்குள் எண் எழுதிய குச்சிகள், பல கோயில்களில் நூறு குச்சிகள். மண்டியிட்டு, மனதில் ஒரு கேள்வியை நினைத்துக்கொண்டு குழலைக் குலுக்க வேண்டும். ஒரு குச்சி மட்டும் துள்ளி வெளியே விழும். அத்தோடு முடியவில்லை. பிறை வடிவில் இரண்டு மரக்கட்டைகள் இருக்கும். அவற்றைத் தரையில் போட வேண்டும். ஒன்று நிமிர்ந்தும் ஒன்று கவிழ்ந்தும் விழுந்தால்தான் அந்தக் குச்சி சரியானது. இல்லையென்றால் மறுபடி குலுக்கு! பிறகு அந்த எண்ணுக்குரிய காகிதச் சீட்டு கிடைக்கும். அதில் நான்கு வரிப் பாட்டு ஒன்றும், பழைய சரித்திரக் கதை ஒன்றின் பெயரும் இருக்கும். சீட்டு எதையும் பளிச்சென்று சொல்லாது. கேட்டவர் வியாபாரி என்றால் ஒரு பொருள், நோயாளி என்றால் வேறு பொருள். அதை விளக்கிச் சொல்லத் தனியாக ஆள் உண்டு.

மலேசியாவில் உள்ள பினாங்குத் தீவில், 1800-ஆம் ஆண்டு வாக்கில் கட்டிய குவான் யின் அம்மன் கோயில் ஒன்று இருக்கிறது. அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் நம் தமிழர்கள் கட்டிய மகா மாரியம்மன் கோயில் வந்துவிடும். பினாங்கு என்ற பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது வரப்போகிறது.

அந்தச் சீனச் சீட்டுகளில் சாங் லியாங் என்பவரின் பெயரும் வருவதுண்டு. 2,200 ஆண்டுகளுக்கு முன்னால் ஹான் பேரரசு உருவாக மூளையாக இருந்தவர் அவர். வெற்றி கிடைத்ததும் அரசர் பெரிய நிலப்பகுதியைப் பரிசாகக் கொடுக்க முன்வந்தார். ஒரு சிறிய ஊர் போதும் என்று சொல்லிவிட்டு, மெல்ல மெல்ல அரசவையை விட்டு ஒதுங்கிக்கொண்டார் சாங் லியாங். அவரோடு சேர்ந்து போராடிய தளபதி ஹான் சின் ஒதுங்கவில்லை. கி.மு. 196-இல் அரண்மனைக்குள்ளேயே கொல்லப்பட்டார். ஆகவே ஒதுங்கிப்போன சாங் லியாங்கின் பெயர் உள்ள சீட்டு வந்தால், விலக வேண்டிய நேரம் எது என்று யோசித்துப் பார் என்று அர்த்தம் சொல்வார்கள்.

நம் தாமிரபரணிக் கரையில் அப்படி ஒரு சீட்டு அச்சடிப்பதாக இருந்தால் யார் பெயரைப் போடலாம்? நான் யோசித்துப் பார்த்தேன். வீரபாண்டியக் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையின் பெயரைத்தான் போடுவேன். வீரத்துக்குப் பேர் போனவரைப் பின்வாங்கும் சீட்டில் போடுவதா என்று உங்களுக்குக் கோபம் வரலாம். கதையைக் கேளுங்கள்.

அவருடைய சொந்தப் பெயர் குமாரசாமி. அவருக்குப் பேச்சு வராது. அதனால் ஊமைத்துரை என்று பெயர் நிலைத்துவிட்டது. (அந்தக் காலத்தில் அப்படி அழைத்தார்கள். அதற்காக உங்கள் வகுப்பில் பேச்சு வராத பிள்ளை யாராவது இருந்தால் நீங்கள் அப்படிக் கூப்பிடக்கூடாது.) அவரை எதிர்த்துப் போரிட்ட ஆங்கில அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், 1830-இல் தம் போர் அனுபவங்களைப் புத்தகமாக வெளியிட்டார். அதில் ஊமைத்துரையைப் பற்றி மிகுந்த மரியாதையோடு எழுதியிருக்கிறார். உயரமான, ஒல்லியான, பார்ப்பதற்கு நோயாளி போன்ற இளைஞராம். ஆனால் அவர் கை அசைத்தால் போதும், கூட்டமே உயிரைக் கொடுக்கத் தயாராக இருக்குமாம்.

பேச முடியாதவர் எப்படிப் படையை நடத்தினார்? வைக்கோல் துரும்புகளைப் பொறுக்கி இடது உள்ளங்கையில் வரிசையாக அடுக்குவார். அதுதான் ஆங்கிலேயர் படை. மற்ற விவரங்களைச் சைகையில் காட்டுவார். பிறகு வலது கையால் சர்ரென்று அந்தத் துரும்புகளைத் துடைத்து எறிவார். வாயிலிருந்து விஸ்ஸென்று ஒரு சத்தம் வரும். தாக்குதலுக்கு அதுவே உத்தரவு! உத்தரவு போட்டுவிட்டுப் பின்னால் நிற்பவரும் இல்லை. முதல் ஆளாக அவரே பாய்வார்.

இனி 1799-ஆம் ஆண்டுக்குப் போவோம். வரி விஷயத்தில் கட்டபொம்மனுக்கும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் தகராறு முற்றியது. செப்டம்பர் மாதம் மேஜர் பானர்மேன் படையோடு வந்து பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கினார். முதல் நாள் தாக்குதலில் கோட்டை விழவில்லை. ஆனால் ஆங்கிலேயருக்குப் பெரிய பீரங்கிகள் வந்துகொண்டிருந்தன. கட்டபொம்மன் இரவோடு இரவாகக் கோட்டையை விட்டு வெளியேறினார். புதுக்கோட்டைப் பக்கத்துக் காட்டில் அவரைப் பிடித்துக் கம்பெனியிடம் ஒப்படைத்தார்கள். அக்டோபர் 16-ஆம் தேதி கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள். எங்கள் தச்சநல்லூரிலிருந்து மதுரை ரோட்டில் பஸ் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் கயத்தாறு வந்துவிடும். சிலையைப் பார்த்திருப்பீர்கள்.

ஊமைத்துரையையும் உறவினர்களையும் பாளையங்கோட்டைச் சிறையில் அடைத்தார்கள். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். எல்லாம் முடிந்துவிட்டது என்று கம்பெனி நினைத்தது.

ஏறக்குறைய 16 மாதங்கள் ஓடின. 1801-ஆம் ஆண்டு பிப்ரவரி 2-ஆம் தேதி. தை மாத இரவு. பாளையங்கோட்டையில் மேஜர் மெக்காலேயின் தோட்ட வீட்டில் ஆங்கில அதிகாரிகளும் அவர்கள் வீட்டுப் பெண்களும் விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதே நேரத்தில், மாறுவேடத்தில் ஊருக்குள் புகுந்திருந்த ஆட்கள் சிறைக் காவலர்களை மடக்கிக் கதவைத் திறந்துவிட்டார்கள். விறகு விற்பவர்கள் போல வந்து, விறகுக் கட்டுக்குள் ஆயுதத்தை மறைத்து வைத்திருந்தார்கள் என்று இந்தப் பக்கத்தில் கதை சொல்வார்கள்.

இப்போது வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். பாளையங்கோட்டை ஆற்றுக்குத் தெற்கே. பாஞ்சாலங்குறிச்சி ஆற்றுக்கு வடக்கே, ஒட்டப்பிடாரத்துக்குப் பக்கத்தில். நீங்கள் இன்று பஸ்ஸில் தாண்டும் சுலோசன முதலியார் பாலம் 1843-இல்தான் வந்தது. ஆகவே ஆற்றில் இறங்கித்தான் போக வேண்டும். தூரம் சுமார் 30 மைல், அதாவது 48 கிலோமீட்டர். சிறையில் ஒன்றேகால் வருடம் கிடந்த கால்களோடு அந்த ஓட்டம்! விடிவதற்குள் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்கிறார்கள். மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகம் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

தப்பித்தவர் எங்கேயாவது மலைக்காட்டில் போய் ஒளிந்திருக்கலாம். ஊமைத்துரை அப்படிச் செய்யவில்லை. ஊருக்குப் போய்க் கோட்டையைக் கட்ட ஆரம்பித்தார். ஆணும் பெண்ணுமாக மண்ணைக் குழைத்துச் சுவர் எழுப்பினார்கள். ஒரு வாரத்துக்குள், பிப்ரவரி 9-ஆம் தேதி, மெக்காலே தம் படையோடு வந்து பார்த்தபோது, வெட்டவெளியாக இருக்க வேண்டிய இடத்தில் கோட்டை நிற்கிறது! சுவர் மேல் 1,500 வீரர்கள். ஆங்கிலேயர்கள் அசந்துபோனதை வெல்ஷ் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

மெக்காலே என்ன செய்தார்? அவரிடம் சுவரை உடைக்கும் பெரிய பீரங்கி இல்லை. ஆட்களும் போதாது. மறுநாளே திரும்பி நடையைக் கட்டினார். எதிரியின் பக்கமாக இருந்தாலும் நியாயமாகப் பேச வேண்டும் அல்லவா? அவர் செய்தது புத்திசாலித்தனம். வள்ளுவர் காலமறிதல் என்ற அதிகாரத்தில், பொறுத்திருப்பவனைச் சண்டைக் கிடாவோடு ஒப்பிடுகிறார். கிடா முட்டுவதற்கு முன்னால் பின்னுக்குப் போகும். பயந்து போகிறது என்று நினைத்து எதிரே நிற்பவன் பாடு திண்டாட்டம்தான். மெக்காலே திருக்குறள் படித்திருக்க மாட்டார். ஆனால் கிடாவின் வித்தை அவருக்குத் தெரிந்திருந்தது.

இடைப்பட்ட வாரங்களில் தூத்துக்குடியும் ஊமைத்துரை பக்கத்தாரின் கைக்கு வந்தது. மார்ச் 31-ஆம் தேதி மெக்காலே கூடுதல் படையோடு மறுபடி வந்து கோட்டையில் ஏறப் பார்த்தார். ஏற முடியவில்லை. அந்தக் கோட்டை ஒன்றும் பிரம்மாண்டமானது இல்லை. சுமார் 500 அடி நீளம், 300 அடி அகலம். நம் பள்ளிக்கூட மைதானங்களைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். சுற்றிலும் முள்வேலி. கல் சுவராக இருந்தால் குண்டு பட்டதும் சிதறும். மண் சுவரில் குண்டு புதைந்துகொள்ளும். சுவரில் ஏறி வருபவர்களை உள்ளே இருந்தவர்கள் நீளமான வேல்களால் குத்தித் தள்ளினார்கள். ஆளுயரத்தைப் போல மூன்று மடங்கு நீளமுள்ள வேல்கள் அவை. ஆங்கிலேயருக்கு அன்று பெரிய அடி.

அதன் பிறகு கம்பெனி அவசரப்படவில்லை. கர்னல் அக்னியூ என்பவரிடம் தலைமையைக் கொடுத்தது. பெரிய பீரங்கிகள் வந்து சேர்ந்தன. மே 24-ஆம் தேதி சுவரில் ஓட்டை விழுந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திக்கொள்வோம். பாஞ்சாலங்குறிச்சி மண்ணைப் பற்றி ஒரு கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். வேட்டை நாய்கள் துரத்திக்கொண்டு வந்த முயல், அந்த மண்ணை மிதித்ததும் திரும்பி நின்று நாய்களையே துரத்தியதாம். அதனால்தான் அங்கே கோட்டை கட்டினார்களாம். முயலே பின்வாங்காத ஊரில் பிறந்தவருக்குப் பின்வாங்குவது எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும்! போதாததற்கு, முதுகில் புண் பட்டால் அவமானம் என்று சங்க காலத்திலிருந்தே நாம் பாடி வந்திருக்கிறோம். உள்ளேயே நின்று செத்திருந்தால் யாரும் ஒரு குறையும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆனால் கோட்டைக்குள் இருந்தவர்கள் அப்படிச் சாகவில்லை. சுவர் போய்விட்டது என்று தெரிந்ததும், நெருக்கமாக அணி வகுத்து, மறுபக்கமாக வெளியே பாய்ந்தார்கள். சுற்றிலும் காடோ மலையோ கிடையாது. மறைந்துகொள்ள ஒரு பாறைகூட இல்லாத சமவெளி. குதிரைப்படை துரத்தித் துரத்தி வெட்டியது. நூற்றுக்கணக்கானவர்கள் அந்த வெளியிலேயே விழுந்தார்கள். என் கருத்தைக் கேட்டால், ஊமைத்துரை அந்தக் கோட்டையை அதே இடத்தில் கட்டியதுதான் அவருக்குப் பாதகமாகிவிட்டது. நின்று போராட நல்ல இடம். விலகிப் போவதற்கு மோசமான இடம். ஆனால் இடிந்த வீட்டை எழுப்பாமல் வேறு எங்கே போய்க் கட்டுவது என்று அவர் நினைத்திருக்கலாம்.

அந்த வெளியில் விழுந்தவர்களில் ஊமைத்துரையும் ஒருவர். உடம்பெல்லாம் காயம். அன்று நடந்ததாக வெல்ஷ் சொல்லும் சம்பவத்தைப் படித்தால் கண் கலங்கும்.

பக்கத்துக் கிராமத்துப் பெண்கள், செத்துக் கிடந்தவர்களுக்கு நடுவே தங்கள் வீட்டு ஆட்களைத் தேடி வந்தார்கள். ஒரு தாய் தன் மகனைக் கண்டுபிடித்தாள். உயிர் இன்னும் இருந்தது. தூக்கப் போனாள். மகன் தடுத்துவிட்டான். தன்னை விட்டுவிட்டு, அருகில் கிடக்கும் சாமியைக் காப்பாற்றச் சொன்னான். ஊமைத்துரையை மக்கள் சாமி என்றுதான் அழைத்தார்கள். அந்தத் தாய் என்ன செய்திருப்பாள் என்று நினைக்கிறீர்கள்? மகனை அங்கேயே விட்டாள். மற்றப் பெண்களோடு சேர்ந்து ஊமைத்துரையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

சற்று நேரத்தில் தேடிக்கொண்டு ஆட்கள் வந்துவிட்டார்கள். வந்தவர்கள் வெள்ளைக்காரர்கள்கூட இல்லை. கம்பெனிக்குத் துணையாக நின்ற எட்டயபுரம் பாளையத்து வீரர்கள். பெண்கள் ஊமைத்துரையின் மேல் துணியைப் போர்த்தி, சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைக்க ஆரம்பித்தார்கள். பையன் பெரியம்மை வந்து செத்துப்போய்விட்டான் என்று அழுதார்கள். அந்தக் காலத்தில் பெரியம்மை என்றால் எல்லோருக்கும் நடுக்கம். தடுப்பூசி நம் நாட்டுக்கே 1802-இல்தான் வந்தது. வந்த வீரர்கள் துணியை விலக்கிப் பார்க்காமலேயே ஓடிப்போனார்கள்!

அந்தத் தாயின் பெயரை வெல்ஷ் சொல்லவில்லை.

காயம் ஆறியும் ஆறாமலும் ஊமைத்துரை வடக்கே கமுதிப் பக்கம் போனார். சிவகங்கைச் சீமையை ஆண்ட மருது சகோதரர்கள் அவரைச் சிறுவயலுக்கு அழைத்துப்போய் அடைக்கலம் கொடுத்தார்கள். அவரை ஒப்படைக்கும்படி கம்பெனி கேட்டது. மருது சகோதரர்கள் மறுத்துவிட்டார்கள். ஜூன் மாதம் சின்ன மருது, எல்லாச் சாதியாரும் மதத்தாரும் ஒன்றாகச் சேர்ந்து வெள்ளையரை விரட்ட வேண்டும் என்று அறிக்கை எழுதித் திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கத்திலும் ஒட்டச் செய்தார். ஒரு பாளையத்துச் சண்டை பல சீமைகளின் போராக மாறிவிட்டது. மே 24 அன்று ஊமைத்துரை வெளியேறாமல் கோட்டைக்குள்ளேயே முடிந்துபோயிருந்தால் இது இப்படி வளர்ந்திருக்குமா? சொல்வது கடினம். வகுப்பில் இதை விவாதித்துப் பாருங்கள்.

ஜூலை மாதக் கடைசியில் அக்னியூவின் படை சிறுவயலுக்கு வந்தது. ஊர் எரிந்துகொண்டிருந்தது. எதிரிக்குப் பயன்படக் கூடாது என்று ஊர்க்காரர்களே தீ வைத்துவிட்டுக் காளையார்கோயில் காட்டுக்குள் போய்விட்டார்கள். அடர்ந்த காடு. ஆங்கிலேயர்கள் மரத்தை வெட்டி வெட்டிக் காட்டுக்குள் பாதை போட்டார்கள். பகலில் வெட்டுவார்கள். மறைந்திருந்து தாக்குவார்கள். ஆகஸ்ட் மாதம் முழுவதும் இதே கதைதான். கடைசியில் அக்னியூவும் அந்தப் பாதையைக் கைவிட்டுப் பின்வாங்கினார்! பார்த்தீர்களா, இந்தப் போரில் ஒருவர் மாற்றி ஒருவர் பின்வாங்கிக்கொண்டே இருக்கிறார்கள்.

ஆனால் இரண்டு பின்வாங்கலும் ஒன்றில்லை. கம்பெனிப் படை பின்வாங்கினால் அதற்குப் போக இடம் உண்டு. பாளையங்கோட்டை உண்டு, மதுரை உண்டு, கப்பலில் பணமும் வெடிமருந்தும் வந்துகொண்டே இருக்கும். ஊமைத்துரை ஒவ்வொரு முறை விலகும்போதும் அவருக்கு இடம் குறைந்துகொண்டே வந்தது. கோட்டை போனது, ஊர் போனது, சிறுவயல் போனது. மிச்சம் இருந்தது ஒரு காடு.

அக்டோபர் முதல் தேதி, வேறு பக்கமாகச் சுற்றி வந்த ஆங்கிலப் படை காளையார்கோயிலைப் பிடித்தது. மருது சகோதரர்களைப் பிடித்து அக்டோபர் 24-ஆம் தேதி திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். (வேலூர்ப் பக்கத்துத் திருப்பத்தூர் இல்லை. இது சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர்.) ஊமைத்துரையும் அவர் தம்பி செவத்தையாவும் திண்டுக்கல் பக்கம் போய்விட்டார்கள். அங்கேயும் துரத்திப் பிடித்தார்கள். சொந்த ஊரான பாஞ்சாலங்குறிச்சிக்கே கொண்டுவந்து, 1801 நவம்பர் 16-ஆம் தேதி தூக்கிலிட்டார்கள். ஊர்க்காரர்கள் பார்த்துப் பயப்பட வேண்டும் என்பதற்காகத்தான் அவ்வளவு தூரம் கொண்டுவந்தார்கள்.

சிறையை உடைத்து வெளியே வந்ததிலிருந்து எண்ணினால் ஒன்பதரை மாதங்கள். அவ்வளவுதான் அவருக்குக் கிடைத்த காலம்.

பினாங்கை மறக்கவில்லையே? போராட்டத்தில் சேர்ந்த 73 பேரை 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியில் கப்பல் ஏற்றி அந்தத் தீவுக்குத்தான் நாடு கடத்தினார்கள். அவர்களில் ஒருவன் சின்ன மருதுவின் மகன் துரைசாமி. அவனுக்கு வயது 15 இருக்கும். உங்களில் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு ஓர் அண்ணன் மாதிரி. காலில் விலங்கோடு போனவர்களுக்கு அந்தத் தீவில் பின்வாங்க இடமே கிடையாது. சுற்றிலும் கடல்.

பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மறுபடி இடித்து, உழுது, ஆமணக்கு விதைத்தார்கள் என்று சொல்வார்கள். ஊர்ப் பெயரே ஏடுகளில் இருக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார்களாம். 1974-இல் தமிழக அரசு அங்கே நினைவுக் கோட்டை ஒன்றைக் கட்டியது. வீரசக்கதேவி கோயில் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் பெரிய கூட்டம் கூடுகிறது. தூத்துக்குடியிலிருந்து ஒட்டப்பிடாரம் வழியாகப் போகலாம். போனால் நினைவுக் கோட்டையோடு திரும்பிவிடாதீர்கள். அந்தப் போரில் செத்த ஆங்கிலேயச் சிப்பாய்களின் கல்லறைகளும் பக்கத்தில் இருக்கின்றன. அங்கே நின்று நாலாபுறமும் பாருங்கள். பார்வைக்கு எட்டிய தூரம் வரை சமவெளிதான். மே 24 அன்று காயத்தோடு அந்த வெளியில் கிடந்த இளைஞரை அந்தப் பெண்கள் எந்தத் திசையில் தூக்கிப் போயிருப்பார்கள் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.